கிணற்றில் குளித்த விஸ்கி

கிணற்றுத் தண்ணீரில் ஆறு சீட்டுகள் மிதந்துகொண்டிருந்தன.

கங்காதரன் கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து எண்ணிப் பார்த்தான். ஆறு. மறுபடி எண்ணினான். குறையவுமில்லை, கூடவுமில்லை. கயிற்றின் முனையில் மூங்கில் கூடை. கூடைக்குள் ஆறு பாட்டில்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டு ஒன்றுகூட இல்லாமல், ஆறும் ஒரே மாதிரி பச்சைக் கண்ணாடியாக மினுங்கின.

"போச்சு," என்றான். சத்தமாகச் சொல்லக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆவடியில் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தையெல்லாம் வளைத்துப் பட்டாளத்துக்காரர்கள் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். ரயில் பாதை ஒன்று பிரிந்து கொட்டகை வரைக்கும் வந்தது. அதில் வந்த வேகன்களிலிருந்து மூட்டையும் பெட்டியும் இறக்க ஆள் வேண்டியிருந்தது. கங்காதரன் ஒன்றரை வருஷம் இறக்கினான். அவன் படித்த படிப்பும் அங்கேதான். வேகன் மேல் வெள்ளைச் சாயத்தில் போட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எண்கள் அவனுக்குப் பழகிவிட்டன. எழுத்து ஒன்றும் தெரியாது. முதுகு போனதும் அங்கேதான். காலையில் பாயை விட்டு எழுந்து அவன் நிமிர்வதற்குள் அவன் பெண்சாதி நாகம்மாள் உலை வைத்து இறக்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவனுக்கு ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வேலை கிடைத்தது. பத்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பேரைப் பதிவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் வேகன். இன்று பத்தாம் நாள்.

பத்தாம் நாளுக்கு வேலை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கர்னல் டன்பார் துரை முந்தின ராத்திரியே தன் விஸ்கிப் பெட்டியை அவன் கையில் கொடுத்து, சாயங்காலம் வேண்டும், பத்திரம் என்று சைகையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மெஸ்ஸில் பாட்டில் என்றால் பீர். பீர் என்றால் கூடையில் வைத்துக் கிணற்றில் இறக்கிக் குளிர வைப்பது. ஒன்பது நாளும் அதைத்தான் செய்தான், ஒன்பது நாளும் துரைமார் 'குட்' என்றார்கள். அக்கினி நட்சத்திர வெயில் வேறு. சொல்லாமலே செய்தால் இன்னும் நல்ல பேர் வரும் என்று விடிந்ததும் விடியாததுமாக ஆறையும் இறக்கிவிட்டான்.

பீர் பாட்டில் சீட்டு மூன்று நாள் ஊறினாலும் நகத்தால் சுரண்டினால்தான் வரும். இது இரண்டு மணி நேரத்தில் தானாகக் கழன்று மிதக்கிறது. சீமையிலிருந்து இத்தனை தூரம் வந்த சரக்குக்கு ஒரு நல்ல பசை போடக் கூடாதா என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

"இன்னாடா, கெணத்த மொறைச்சுக்கினு நிக்கிற?"

குப்பம்மா. மெஸ்ஸில் பெருக்குவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவள்தான். இடுப்பில் ஒரு குண்டானோடு வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்டி கீது?" என்று எட்டிப் பார்த்தாள். "அட! அந்தச் சீட்டு..."

"யக்கா, சும்மா இரு! கத்தி ஊரக் கூட்டாதே."

குப்பம்மா வாயை மூடிக்கொண்டாள். யாராவது சும்மா இரு என்றால் சும்மா இருந்துவிடுவாள். இரண்டு வருஷமாக அவளுக்கு வேலை நிலைத்ததே அதனால்தான்.

கங்காதரன் கிணற்றில் இறங்கினான். படிக்கல் ஒவ்வொன்றுக்கும் முதுகு ஒரு தரம் 'ஐயோ' என்றது. சீட்டுகளைக் கிழியாமல் பொறுக்கி, வைக்க இடமில்லாமல் உதட்டில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்தான். சமையல் கட்டு வாசலில் பட்லர் எட்மண்ட் நின்றிருந்தார். பூந்தமல்லிக்காரர். முப்பது வருஷமாகத் துரைமாருக்குச் சாப்பாடு போட்டவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும், அதைவிட விறைப்பான கழுத்துமாக இருப்பார்.

"வாயில இன்னாடா?"

கங்காதரன் சீட்டுகளை எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் காட்டினான். 8, 10, 12, 15, 18, 20.

எட்மண்ட் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "ஏசுவே! விஸ்கியக் கெணத்துல எறக்குனியா? அது பீராடா?"

"அதுவும் பாட்டில்தானே அண்ணாத்தே?"

"பாட்டில்னா எல்லாம் ஒண்ணா? டேய், இது ஆறும் ஒரே எடத்துல காய்ச்சுனது. தொரையோட சித்தப்பா வேல பாக்கற எடம். ஒரே ஓடைத் தண்ணி, ஒரே பார்லி. மரப்பீப்பாயில எத்தினி வருஷம் கெடந்துச்சோ, அது ஒண்ணுதான் வித்தியாசம். இது எட்டு வருஷம், இது பத்து, இது இருவது. தொரை கப்பல் ஏறச்சொல்ல சித்தப்பங்காரரு, போற ஊருல போயி தொறன்னு சொல்லிக் குடுத்தாராம். போன மாசம் இங்க வந்துதான் பெட்டிய தொறந்தாரு. ஞாயித்துக்கெழம ஆனா ஆறுலயும் ஒவ்வொரு மொடக்கு. குடிச்சிட்டுக் கண்ண மூடிக்குவாரு. அப்பால நோட்டுப் புஸ்தகத்துல எழுதுவாரு, எட்டு இப்டி, இருவது அப்டின்னு."

"எழுதி?"

"எழுதி இன்னா? எழுதறதுதான். இன்னிக்குச் சாயங்காலம் மெட்ராஸ்லேந்து கில்மூர் தொரை வர்றாரு. கெழவரு. வயசுல அந்தக் காய்ச்சற எடத்துலயே பத்து வருஷம் வேல செஞ்சவரு. அவராண்ட எட்டுக்கும் இருவதுக்கும் வித்தியாசம் சொல்லிப் பெருமை அடிச்சுக்கணும்னு நம்ம தொரை ஒரு மாசமாத் துடிச்சுக்கினு கீறாரு. நீ இன்னாடான்னா ஆறையும் குளிப்பாட்டி வெச்சிருக்க."

கங்காதரன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணுக்கு முன்னால் வேகன் கதவு திறந்தது.

"அழுவாதே," என்றார் எட்மண்ட். "எது எவ்ளோ கொறைஞ்சு கீதுன்னு பாப்போம். தொரைக்கு எது புடிக்குமோ அது அதிகமா எறங்கி இருக்கும்."

ஆறு பாட்டிலையும் வரிசையாக வைத்து வெயிலுக்கு நேரே பார்த்தார்கள். கோடு போட்ட மாதிரி ஆறும் ஒரே மட்டம். துரை அவ்வளவு நியாயவான். ஏதாவது ஒரு பாட்டில் மேல் கொஞ்சம் ஆசை வைத்திருந்தாரானால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

"சரி, கலரப் பாப்போம். வருஷம் ஆவ ஆவ மரத்துல ஊறிக் கறுக்கும்."

எட்மண்ட் ஆறு கிளாஸ் எடுத்து ஒவ்வொன்றிலும் கால் விரல்கடை ஊற்றினார். இரண்டு வெளுப்பாக இருந்தது. நாலு ஒரே நிறமாக இருந்தது.

"இதான் இருவது," என்றார்.

"எப்டிச் சொல்ற அண்ணாத்தே?"

"ஒரு நெனப்புதான்."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கர்னல் துரையின் நடை. கங்காதரன் பாட்டில்கள் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். கிளாஸ்களை என்ன செய்வது என்று அவன் யோசிப்பதற்குள் எட்மண்ட் முடிவெடுத்துவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறையும் அண்ணாந்து உள்ளே தள்ளிவிட்டு, காலிக் கிளாஸ்களைக் கழுவுகிற தொட்டியில் போட்டார். கால் விரல்கடை கால் விரல்கடையாக ஆறு என்றால் ஒன்றரை விரல்கடை. அதுவும் வெறும் வயிற்றில்.

கர்னல் உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார். பெட்டி காலி. அவர் முகம் சிவந்து, இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

எட்மண்ட் விறைப்பாக நின்றார். ஆனால் நின்ற இடம் மட்டும் கொஞ்சம் ஆடியது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்.

கர்னலின் மீசை மெல்ல மேலே போனது. எட்மண்டின் தோளைத் தட்டினார். மளமளவென்று பேசினார். கடைசியில் கங்காதரனைக் கையால் சுட்டி, 'டுமாரோ, நேம், புக்' என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அண்ணாத்தே, இன்னா சொன்ன நீ?"

"பாட்டில் எங்கன்னாரு. தூங்குது சார்னேன்."

"அதுக்கா சிரிச்சாரு?"

"அவரு சித்தப்பாவும் அப்டித்தான் சொல்லுவாராம். குடிக்கறதுக்கு முன்னாடி அத அசைக்கக் கூடாதாம். இந்த தேசத்துலயே விஸ்கிய மதிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்னு சொல்றாருடா என்னைய." எட்மண்டின் கண்ணில் நீர் முட்டியது. "முப்பது வருஷத்துல ஒரு தொரை என்னைய இப்டிச் சொன்னதில்லடா கங்காதரா."

"அது சரி. என் பேர இன்னாத்துக்குச் சொன்னாரு?"

"இப்போ அவருக்கு ஜோரு வந்துட்ச்சு. சாயங்காலம் கண்ணக் கட்டிக்கினு குடிக்கப் போறாராம். நீ ஊத்தணுமாம். இது எட்டு, இது இருவதுன்னு ஆறையும் நாக்காலயே சொல்லிக் கெழவரு வாய அடைக்கப் போறாராம். எல்லாம் நல்லபடியா நடந்தா நாளைக்கு உன் பேரு புக்குல."

முன்னே சீட்டைப் பார்த்துக்கொண்டு குடிப்பதாக இருந்தது. மாறி ஒட்டியிருந்தாலும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் அடைபட்டது.

"அண்ணாத்தே, நீயே பாத்து எதாச்சும் பண்ணு."

எட்மண்ட் அரிசி மூட்டைமேல் சாய்ந்து, கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற பாட்டை மே மாதத்தில் மெதுவாகப் பாட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் கங்காதரனுக்குத் திருவேங்கடத்தின் ஞாபகம் வந்தது.

திருவேங்கடம் நாகம்மாளின் தாய்மாமன். பாரிவாக்கத்தில் இருந்தார். அந்தப் பக்கத்துக் கள்ளுக்கடைகளைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு இவர் நாக்குதான் காவல். ஒரு சொட்டு வைத்தால் எந்தத் தோப்பு, நேற்று இறக்கினதா இன்று இறக்கினதா, வழியில் எந்த ஏரித் தண்ணீர் சேர்ந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். ஆனால் குடிக்க மாட்டார். வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார். ஊரில் அவரைப் பற்றி எல்லாருக்கும் இருந்த குறை அது ஒன்றுதான்.

கங்காதரன் யாரையும் கேட்காமல் மெஸ் சைக்கிளை எடுத்தான். போகும்போது செயின் ஒரு தரம் கழன்றது. பாரிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது திருவேங்கடம் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"சீமச் சரக்கா? நான் அத நாக்குல வெச்சதில்லியேப்பா."

"ஒரே தோப்பு மாதிரிதான் மாமா. வயசுதான் வேற. எட்டு வருஷத்துலேந்து இருவது வருஷம் வரைக்கும் மரப்பீப்பாயில கெடந்தது."

திருவேங்கடம் எழுந்து உட்கார்ந்தார். "மரத்துலயா கெடந்துச்சு? அப்போ மரம் சொல்லிடும். வர்றேன். ஆனா நடக்க மாட்டேன். நீதான் சைக்கிள்ல குந்த வெச்சுக் கூட்டிக்கினு போயி, திரும்பக் கொணாந்து உடணும்."

கங்காதரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். குறுக்கேயும் ஒரு தரம் பார்த்தான். வேகனில் அவன் இறக்கிய மூட்டைகளில் பெரியது மாவு மூட்டை. திருவேங்கடம் அதுபோல ஒன்றரை.

"வா மாமா," என்றான்.

ஏரிக்கரை ஏற்றத்தில் சைக்கிள் நின்றது. மாமன் இறங்கவில்லை. கங்காதரன் இறங்கி, மாமனையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளினான். தார் இளகுகிற வெயில்.

"இந்த வேல நிலைச்சா ஒடம்புக்கு நல்லதுதான் கங்காதரா," என்றார் பின்னாலிருந்து. "மூட்ட தூக்கற தொல்ல இல்ல பாரு."

மெஸ்ஸுக்குப் பின்புறம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றிருக்கும். உள்ளே பாட்டு நின்று குறட்டை ஆரம்பித்திருந்தது. திருவேங்கடம் கால் மணி நேரம் வாய் கொப்புளித்தார். தென்னந்துடைப்பத்திலிருந்து ஆறு ஈர்க்குகள் உருவிக் கழுவினார். ஒரு பாட்டிலுக்கு ஒன்று என்று தோய்த்து, நுனியை நாக்கில் வைத்து, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்து, பிறகு துப்பினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர். அவர் பாட்டிலைக் காலி செய்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த கங்காதரனுக்கு, இப்போது இவர் இப்படியே பொழுதை ஓட்டிவிடுவாரோ என்று பயம் வந்தது.

"இவன் சின்னப் பையன்," என்று ஒரு பாட்டிலை இடது ஓரத்தில் வைத்தார். "துள்றான். மூக்குல குத்தறான்."

"சரி மாமா."

"இவனுக்கு இப்பத்தான் மீசை மொளைச்சிருக்கு. இது கண்ணாலம் ஆனவன், கொஞ்சம் அடங்கிட்டான்." அடுத்ததை வைத்துவிட்டு நெடுநேரம் சப்புக்கொட்டினார். "இவன் புள்ளகுட்டிக்காரன். வாசன இருக்கு, ஆனா வெளிய காட்டிக்க மாட்டான். இதுக்கு மேல இன்னொருத்தன், நெறைய பட்டவன்."

கடைசிப் பாட்டிலை வலது ஓரத்தில் வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து வைத்தார்.

"இது பெரிய மனுசன். உள்ள வரச்சொல்ல ஒண்ணும் பேசல. துப்பினப்புறமும் போவ மாட்டேன்றான்."

"நிச்சயமா மாமா? என் பொழப்பு கீது இதுல."

"நாப்பது வருஷத்து நாக்குடா இது. தப்புனா அறுத்துக் காக்காய்க்குப் போடு."

இனி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. கங்காதரன் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போனான்.

"யக்கா, கொஞ்சம் கஞ்சிப் பசை காய்ச்சித் தர்றியா?"

"இந்தத் தபா கெட்டியாவே காய்ச்சறேன்," என்றாள் குப்பம்மா.

சீக்கிரமே கொண்டு வந்தாள். அவன் கையிலிருந்த சீட்டை வாங்கித் தானே தடவினாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுருக்கம் விழாமல், கண்ணாடிமேல் வைத்து முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கங்காதரன் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் ஒட்டிக்கொண்டே போனாள்.

"சோக்கா ஒட்றியேக்கா."

"ஒரு தபா செஞ்சா கை பழகிடுது. கங்காதரா, நான் ஒண்ணு சொல்லட்டா..."

"அப்பால சொல்லுக்கா. மொதல்ல இது காயணும்."

அவள் மறுபடி சும்மா இருந்துவிட்டாள்.

காய்வதற்குள் எறும்பு வந்தது. கஞ்சி வாசனைக்கு வரிசை பிடித்து வந்து பாட்டிலைச் சுற்றி ஏறியது. அந்தப் பெட்டியில் காலையிலும் நாலைந்து எறும்பு இருந்தது. சீமைச் சாராயம் இனிப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டான். இப்போது பாட்டில்களைத் தாம்பாளத் தண்ணீரில் நிற்க வைத்து, ஏறிவிட்டவற்றை ஊதி ஊதித் தள்ளினான். ஒரு கையில் விசிறி, வாயால் ஊதல், நின்றது நின்றபடி ஐந்து மணி வரைக்கும். வேகன் இறக்கினால் மத்தியானம் அரை மணி உட்காரவாவது விடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே தலையை உதறிக்கொண்டான்.

ஐந்தரைக்கு வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டார்கள். வெயில் சாய்ந்து, தகரக் கூரைகளெல்லாம் செம்பு நிறத்தில் இருந்தன. கில்மூர் துரை வந்தார். ஒல்லியாக, நரைத்த புருவத்தோடு, பேச்சுக்குக் காசு கேட்பது போல் இருந்தார். மூன்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டு எட்மண்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கங்காதரனுக்குப் பின்னால் நின்றார்.

கர்னல் ஒரு வெள்ளைத் துணியால் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தைக் கிழவர் மடியில் வைத்தார்.

கங்காதரன் எட்டை எடுத்து இரண்டு பேர் கிளாஸிலும் ஊற்றினான். கர்னல் முகர்ந்தார். வாயில் விட்டு மென்றார். முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று உதடு அசையாமல் கேட்டான் கங்காதரன்.

"தேன்ன்றாரு," எட்மண்ட் காதில் சொன்னார். "பழைய தேவாலயத்துப் பலகை வாசனைன்றாரு. இதான்... இதான் இருவது வருஷம்ன்றாரு."

கங்காதரன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். 8.

கிழவர் சீட்டைப் பார்த்தார். தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

அடுத்தது இருபது. கர்னல் முகம் சுளித்தார். "பச்சப் புள்ளயாம். முரடாம். சந்தேகமே இல்லாம எட்டாம்," என்று சொல்லிவிட்டு எட்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாவதாகப் பன்னிரண்டு. கர்னல் "டுவெல்வ்!" என்றார். கங்காதரனுக்கு உயிர் வந்தது. அடுத்துப் பதினைந்தை ஊற்றினான். பத்து என்றார். பத்தை ஊற்றினான். பதினெட்டு என்றார். போன உயிர் திரும்பிப் பார்க்காமல் போனது. மிச்சமிருந்தது பதினெட்டு. அதைப் பதினைந்து என்றார்.

கண் கட்டை அவிழ்த்தபோது கர்னலின் முகம் பரிசு வாங்கப் போகிறவர் முகம் போல இருந்தது. வரிசையாக இருந்த சீட்டுகளைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். கிழவருக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சீட்டு மாறியிருக்குன்றாரு நம்ம தொரை," எட்மண்ட் அவசரமாகச் சொன்னார். "கெழவரு இல்லன்றாரு. சீட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு, உன் நாக்குதான் மாறியிருக்குன்றாரு. பத்து வருஷம் நான் அந்தப் பீப்பாய்ங்களோட படுத்து எழுந்தவன்ன்றாரு."

கர்னல் எழுந்து நின்று கத்தினார். நோட்டுப் புத்தகத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"நாலு ஞாயித்துக்கெழம! ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா என் இருவதுன்றாரு."

கத்தின வேகத்தில் ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டியவர், திடீரென்று நிறுத்தித் தன் விரலைப் பார்த்தார். விரலில் கஞ்சி ஒட்டியிருந்தது. கஞ்சியில் ஒரு எறும்பு இருந்தது. எறும்பைப் பார்த்தார், பிறகு கங்காதரனைப் பார்த்தார்.

அதற்குமேல் எட்மண்ட் சொல்லித்தான் புரிய வேண்டும் என்றில்லை. எட்மண்ட் துணிந்து முன்னால் வந்து கிணறு, கூடை என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். கேட்கக் கேட்கக் கர்னலின் கோபம் குறையவில்லை, கிழவரின் சிரிப்புதான் கூடியது. கிழவர் மட்டும் இன்னொரு தரம், சீட்டு சரியாகத்தான் இருக்கிறது என்பது போல ஆறு பாட்டிலையும் கையால் வரிசையாகக் காட்டினார். இடம் பார்த்துக் கிண்டல் செய்கிறார் என்று கர்னல் அவரோடும் முறைத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது கங்காதரனிடம் விரலை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வேகன்."

கங்காதரன் மெஸ் துண்டை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தான். நடக்கும்போதே முதுகு நாளைக் காலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. திருவேங்கடம் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"முடிஞ்சுதா? ஊட்டுல கொண்டுபோயி உடு, வா."

"மாமா," என்றான் கங்காதரன். "ஆறுல அஞ்சு தப்பு மாமா. நாப்பது வருஷத்து நாக்காம், நாக்கு! ஏரிக்கரை மேல உன்னத் தள்ளிக்கினு வந்தேனே. காலைல ஆறு மணிக்கு வேகனு எனக்கு."

"தப்பா?" திருவேங்கடம் எழுந்துவிட்டார். "என் நாக்கா தப்பு? எவன் சொன்னான்?"

"தொரை சொன்னாரு. ஒரு மாசமாக் குடிச்சவரு சொன்னாரு."

திருவேங்கடம் தன் நாக்கை வெளியே நீட்டி, கண்ணைக் கீழே ஓட்டி அதன் நுனியைப் பார்க்க முயன்றார். பெரிய உடம்பு, திடீரென்று சின்னதாகிப் போன மாதிரி இருந்தது. பின்னால் வந்து நின்ற எட்மண்ட் அவர் தோளில் கை வைத்து, "போவட்டும் உடு நைனா, கள்ளு வேற, விஸ்கி வேற," என்றார்.

பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள் குப்பம்மா.

"இப்பனாச்சும் நான் சொல்லலாமா?"

"சொல்லுக்கா," என்றான் கங்காதரன். "இனிமே இன்னா கீது."

"அந்தப் பெரியவர ஏன்டா வையற? தொரை வந்த அன்னிக்குப் பெட்டியெல்லாம் சீமெண்ணெய் நாத்தம்னு பாட்டிலுங்கள வெந்நீர்ல ஊறப்போட்டுத் தேய்ச்சேன், சீட்டெல்லாம் கையோட வந்துட்ச்சு. எது எதுலன்னு எனக்கு இன்னா தெரியும், பாக்க லட்சணமா இருக்கற மாதிரி அப்பவே நான்தான் கஞ்சி தடவி ஒட்டி வெச்சேன்."